இரண்டு மில்லிமீட்டர் சட்டை

பகலில் நான் தூக்குவது நாற்பது டன்.
க்டினியா துறைமுகம், ஐந்தாம் கிரேன்,
காலுக்குக் கீழே கண்ணாடி.
மஞ்சள் அங்கியோடு நிற்கும் ஸெவரின்
மேலேயிருந்து பார்த்தால் ஒரு சோளமணி.
‘இன்னும் ஒரு சாண், ரொமுவால்ட்’
ரேடியோவில் அந்த மணி பேசும்.
இறக்குவேன்.

இரவில் இடுக்கி முனையில் தூக்குவது
எடை என்று சொல்லவே கூச்சமான ஒன்றை.
கப்பல் ஏணி. பித்தளை. பதினோரு படி.
மூச்சு விட்டால் போய்விடும்.
இதற்குத்தான் கை நடுங்குகிறது.

பெட்டியில் வந்தபோது
அது வெறும் சாம்பல் பிளாஸ்டிக், நூற்று எண்பது ஸ்லோட்டி.
கைப்பிடிக் கம்பிகள்
மாலுமியின் தொடை அளவுக்குத் தடிமன்.
பீரங்கிக்கு வாயே இல்லை,
முனை அடைத்த குச்சி.
இதை வைத்துக்கொண்டு யாரைச் சுடுவது?

அப்படித்தான் ஆரம்பித்தது.
வூச் நகரிலிருந்து கடைந்த குழாய்கள்,
ஒசாகாவிலிருந்து தகட்டில் அரித்தெடுத்த வேலிகள்,
மெய்யான மரத்தில் சீவிய தளம்,
பிசினில் அச்சிட்ட தேடுவிளக்குகள்.
தபால்காரி வியோலெத்தா
உறையைக் காதருகே வைத்துக் குலுக்கினாள்.
‘காலியா?’
குலுக்காதே அம்மா, உள்ளே நான்கு நங்கூரம்.

டொப்ரவா ரசீதுகளைக் கூட்டினாள்.
கப்பல் நூற்று எண்பது.
கப்பலுக்கு மேலே போனது தொள்ளாயிரத்துப் பத்து.
சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்.
கூட்டலைச் சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

ஆனால் எல்லாம் வாங்கிய பிறகும்
எந்த நாள் என்று ஒரு கேள்வி மிச்சம்.
போர்க்கப்பல் ஒரே கப்பல் அல்ல.
மார்ச்சில் ஒரு கொடிமரம் குறையும்,
ஜூனில் ஒரு படகு கூடும்,
கோடைக்குள் நிறமே மாறிவிடும்.
என்னிடம் இருப்பது ஒரு புகைப்படம்.
செப்டம்பர், ஒரு செவ்வாய்.
ஜிமோரோதெக் என்று பெயர் அதற்கு,
எங்கள் மொழியில் மீன்கொத்தி.
அடுத்த வாரம் முங்கியது,
மேலே வரவில்லை.

உருப்பெருக்கியை வைத்தேன்.
இரண்டாம் பீரங்கிக்கும் புகைபோக்கிக்கும் இடையே
யாரோ கயிறு கட்டியிருக்கிறான்.
கயிற்றில் ஏழு சட்டைகள்.

பட்டியல்களைப் புரட்டினேன்.
ஆழ்குண்டு கிடைக்கும், அதை உருட்டும் சட்டம் கிடைக்கும்,
கதவின் கீலுக்குத் தனிக் கீல் கிடைக்கும்.
காயப்போட்ட சட்டையை
உலகத்தில் எவனும் விற்கவில்லை.

தேயிலைப் பையைக் கிழித்தேன்.
காய்ந்த காகிதத்தில், புது பிளேடால்,
ஒன்று இரண்டு மில்லிமீட்டர்.
பசைத்தண்ணீரில் தோய்த்து
ஊசி முனையால் கைகளை மடக்கினேன்.
காற்று எந்தப் பக்கம்?
படத்தில் புகை இடப்பக்கம் சாய்கிறது,
சட்டைகளும் அப்படியே சாயட்டும்.
முழு வெள்ளை பொய்யாகத் தெரிந்தது.
ஒரு துளி சாம்பல் கலந்தேன்,
உப்புத்தண்ணீரில் துவைத்தது மாதிரி.

ஆறு தொங்கின.
ஏழாவதைத் தூக்கும்போது தும்மல் வந்தது.

தரையில் டார்ச்சோடு தவழ்ந்தேன்.
தூசி உறிஞ்சியின் வாயில்
டொப்ரவாவின் பழைய காலுறையை மாட்டி
அறை முழுவதும் இழுத்தேன்.
ஜனவரியில் தொலைந்த ஏணி கிடைத்தது.
உந்துவிசிறியின் ஓர் இதழ்,
பூனையின் மீசை ஒன்று.
சட்டை இல்லை.

வேறொன்று வெட்ட நான்கு நிமிடம் போதும்.
பிளேடைக் கூட எடுத்துவிட்டேன்.
ஐந்தாவதற்கும் ஆறாவதற்கும் நடுவே
கயிறு கொஞ்சம் மேலேறி நின்றது,
பாரம் இறங்கினாற்போல்.
பிளேடை மூடினேன்.

மே மாதம், ஸோபோட் பள்ளிக்கூட அரங்கில் போட்டி.
நடுவர் குனிந்தார்,
புகைப்படத்தையும் கப்பலையும்
மாறி மாறிப் பார்த்தார்.
குழாய்களுக்குத் தலையசைத்தார்,
வேலிகளுக்கு ‘ம்ம்’ என்றார்.
பிறகு பேனாவைத் திறந்தார்.
‘ஏழு இருக்க வேண்டும். ஒரு சட்டை குறைகிறது.’

‘காய்ந்துவிட்டது, எடுத்துப் போட்டுக்கொண்டான்’ என்றேன்.

ஒரு மதிப்பெண் குறைத்தார்.